முதலையோடு கரையேறுதல்

ஸ்ரீமத் பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் இடம்பெறும் கஜேந்திர மோட்ச வரலாற்றைக் கேளாத பக்தர்கள் இல்லை எனலாம். திரிகூட மலையின் சாரலில் வருணனுக்குரிய பூந்தோட்டம். அதில் தாமரைகள் நிறைந்த ஒரு தடாகம். வெப்பம் தாளாமல் யானைகளின் தலைவனான கஜேந்திரன் தன் சுற்றத்தோடு அங்கே வந்து இறங்குகிறான். தாகம் தீரக் குடிக்கிறான். துதிக்கையால் நீரை வாரித் தன் பிடிகள் மீதும் கன்றுகள் மீதும் பொழிகிறான். அந்த மகிழ்ச்சியின் நடுவில் ஒரு முதலை அவன் காலைக் கவ்விக்கொள்கிறது.

ஆயிரம் ஆண்டுகள் நீண்ட அந்தப் போராட்டத்தைப் பற்றி வியாச பகவான் நுட்பமான ஒரு செய்தியைச் சொல்லியிருக்கிறார். கதை சொல்வோர் பலரும் அதை விரைவாகக் கடந்துவிடுகின்றனர். நாள்கள் செல்லச் செல்ல யானையின் மனவலிமையும் உடல்வலிமையும் குன்றின. முதலையின் வலிமையோ பெருகிக்கொண்டே போயிற்று. காரணம் எளியது. முதலைக்கு நீர் சொந்த வீடு. யானைக்கு அது இன்பம் தேடி வந்த இடம் மட்டுமே. மற்ற யானைகள் பின்னால் நின்று உதவ முயன்றன. அவை அன்பில்லாதவை அல்ல, வலிமையில்லாதவையும் அல்ல. ஆயினும் அவற்றால் அவனை விடுவிக்க முடியவில்லை.

மதுவுக்கு அடிமையான ஒருவரின் வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதுவே. மனைவி அழுகிறாள், தாய் நோன்பு இருக்கிறாள், அண்ணன் கண்டிக்கிறார், அலுவலகத்தில் மேலதிகாரி இறுதி எச்சரிக்கை தருகிறார். எல்லோரும் இழுக்கின்றனர். அவரும் தம் பங்குக்குப் போராடத்தான் செய்கிறார். ஆனால் போராட்டம் நடப்பது முதலையின் வீட்டில்.

சத்தியம் என்னும் கயிறு

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நிறுவனத்தின் போதை மீட்பு மையம் நடத்திய தேசிய ஆய்வின் முடிவுகள் 2019ஆம் ஆண்டு வெளிவந்தன. 10 வயது முதல் 75 வயது வரையிலான இந்தியர்களுள் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துவதாகவும், மதுவால் துன்புற்று உதவி வேண்டி நிற்பவர்கள் சுமார் 5.7 கோடிப் பேர் என்றும் அது மதிப்பிட்டது. மதுவைச் சார்ந்தே வாழும் நிலைக்குச் சென்றுவிட்டவர்களுள் 38 பேரில் ஒருவர் மட்டுமே ஏதேனும் ஓர் உதவியைப் பெற்றதாகக் கூறினார். எஞ்சிய 37 பேரும் எங்கே இருக்கின்றனர்? அவர்களுள் ஒருவர்கூட ஞாயிற்றுக்கிழமைச் சத்சங்கத்தில், பஜனை வரிசையில், மையத்தின் தொண்டர்கள் நடுவில் இல்லை என்று எண்ணுவது பேதைமை.

சொல்லப்போனால், பக்திமிக்க குடும்பங்களில் இந்நோய் மறைந்து வாழ்வதற்கு வாய்ப்பு அதிகம். குருநாதரின் படம் மாட்டிய கூடத்தில் இப்படியொரு செய்தி இருப்பதை வெளியில் சொல்ல நாக்கு எழுவதில்லை. ஆகவே வீட்டுக்குள்ளேயே ஒரு வைத்தியம் நடக்கிறது. பூஜையறையில் கற்பூரம் ஏற்றி, குழந்தையின் தலைமேல் கைவைக்கச் சொல்லி, சத்தியம் வாங்கப்படுகிறது. அவரும் மனமாரச் செய்கிறார். அந்தக் கணத்தில் அவர் சொல்லில் பொய் இல்லை. பத்து நாள்களில் அது முறிகிறது. முன்பு குடித்ததற்காக மட்டும் வெட்கியவர், இப்போது தெய்வத்தின் முன் பொய்த்தவர் என்றும் ஆகிறார். அந்த வெட்கத்தைத் தணிக்க அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். அடுத்த மாதத்திலிருந்து அவர் மையத்தின் பக்கமே வருவதில்லை. நோயாளிக்கு மிகவும் தேவைப்பட்ட ஒரு கதவைச் சத்தியமே சாத்திவிடுகிறது.

சபரிமலைக்கு மாலையிட்டவர்கள் 41 நாள்கள் ஒரு துளியும் தொடாமல் இருந்துவிட்டு, மாலை கழற்றிய அன்றே பழைய கடைவாசலில் நிற்பதைப் பார்த்து, விரதத்தையே பழிப்போர் உண்டு. அது நியாயமன்று. அந்த 41 நாள்களில் அவரைக் காத்தவை எவை என்று பார்ப்பதே பயன் தரும். விடியலில் குளிரும் நீராடல் உண்டு. மாலையில் கூடிப் பாடும் பஜனை உண்டு. ஊரெல்லாம் ‘சாமி’ என்று அழைக்கும் மரியாதை உண்டு. தம்மைப் போலவே மாலையிட்ட இருபது பேரின் துணை உண்டு. மாலையைக் கழற்றும்போது இவை அனைத்தும் சேர்ந்து கழன்றுவிடுகின்றன. மகாராஷ்டிரத்தில் துளசி மாலை அணிந்த வார்க்கரி அன்பர்கள் மதுவையும் மாமிசத்தையும் விலக்கி வாழ்பவர்கள். அவர்களுடைய மாலை ஆயுள் முழுவதற்கும் உரியது. ஆண்டுதோறும் பண்டரிபுரத்துக்கு நடக்கும் திண்டிக் கூட்டமும் அப்படியே. அங்கே ஒருவர் காலில் மற்றவர் விழுந்து வணங்குகின்றனர். உறுதி கூட்டத்தில் இருக்கிறது. தனிமனிதன் அதில் தன் பங்கைப் பெற்றுக்கொள்கிறான்.

ஏக்ரன் நகரில் ஒரு மாலை

இந்த உண்மையைத் தம் துன்பத்தின் வழியாகக் கண்டறிந்தவர்கள் அமெரிக்காவில் இருவர். ஒருவர் நியூயார்க்கில் பங்குச்சந்தைத் தொழில் செய்த பில் வில்சன். மற்றவர் ஒஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரின் அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்மித்; ‘டாக்டர் பாப்’ என்று அழைக்கப்பட்டவர். இருவருமே குடியால் வாழ்வைச் சீரழித்துக்கொண்டவர்கள்.

1934ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் சிகிச்சை பெற்ற பில், ஓர் ஆழ்ந்த ஆன்மிக அனுபவத்துக்குப் பின் குடியை நிறுத்தினார். உடனே தமக்குக் கிடைத்ததை எல்லோருக்கும் வழங்கிவிட வேண்டும் என்னும் வேகம் அவருக்கு வந்தது. ஐந்து மாதங்கள் குடியர்களைத் தேடித் தேடி உபதேசம் செய்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் வில்லியம் சில்க்வொர்த், உபதேசத்தைக் குறைத்துவிட்டு நோயின் கொடுமையை முதலில் எடுத்துச் சொல்லுமாறு அறிவுரை கூறினார். ஆன்மிகச் சொற்பொழிவுகளை விரும்பிப் படிப்போரும் அவற்றை நிகழ்த்துவோரும் அந்த மருத்துவரின் அறிவுரையைச் சற்றே நின்று எண்ணிப் பார்க்கலாம்.

1935ஆம் ஆண்டு மே மாதம் பில் தொழில் நிமித்தமாக ஏக்ரன் நகருக்குச் சென்றார். சென்ற காரியம் தோல்வியடைந்தது. கையில் பணம் இல்லை, அறிமுகமற்ற ஊர். அவர் தங்கியிருந்த விடுதியின் கூடத்தில் ஒருபுறம் மதுக்கூடம். அங்கிருந்து சிரிப்பொலி வந்துகொண்டிருந்தது. மறுபுறம் தொலைபேசியும், அதனருகே நகரத்துத் தேவாலயங்களின் பட்டியலும் இருந்தன. அந்தக் கணத்தில் பில்லுக்கு ஒன்று விளங்கியது. கடந்த ஐந்து மாதங்களில் அவரால் எந்தக் குடியரையும் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அந்த முயற்சி அவரைக் காப்பாற்றியிருந்தது. இப்போது தாம் பிழைக்க வேண்டுமானால் இன்னொரு குடிநோயாளி தமக்கு வேண்டும். அவர் தொலைபேசியை எடுத்தார்.

அந்த அழைப்புகளின் பயனாக மே 12ஆம் நாள் டாக்டர் பாப் அவரைச் சந்திக்க வந்தார். அறிவுரை கேட்டு அலுத்துப்போனவர் அவர். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்ற நிபந்தனையோடுதான் வந்தார். இரவு பதினொரு மணி கடந்த பின்னரே எழுந்தார். வந்தவர் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. தம் கதையைச் சொன்னார். குடியைப் பற்றித் தம் சொந்த அனுபவத்திலிருந்து பேசிய முதல் மனிதரை அன்றுதான் கண்டதாக டாக்டர் பாப் பின்னாளில் குறித்திருக்கிறார்.

கதை அங்கே இனிதாக முடிந்துவிடவில்லை. சில வாரங்களில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குச் சென்ற டாக்டர் பாப் மீண்டும் குடித்தார். பில் அவரைக் கைவிடவில்லை. 1935 ஜூன் 10ஆம் நாள் டாக்டர் பாப் கடைசியாக மதுவைத் தொட்டார். 1950இல் மறையும்வரை பிறகு தொடவில்லை. அந்த ஜூன் 10ஆம் நாளே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, சுருக்கமாக ‘ஏ.ஏ.’, என்னும் தோழமை அமைப்பின் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகிறது. பின்னர் இருவரும் மருத்துவமனையில் கிடந்த வழக்கறிஞர் ஒருவரின் கட்டிலருகே சென்று அமர்ந்தனர். அவர் மூன்றாமவர் ஆனார். இந்தியாவில் இத்தோழமை 1957 முதல் இருந்து வருகிறது.

வலிமையும் இயலாமையும்

ஏ.ஏ. தோழமையின் பன்னிரண்டு படிகள் 1939ஆம் ஆண்டு நூல் வடிவில் வெளிவந்தன. அவற்றுள் முதற்படி, மதுவின் முன் தனக்கு ஆற்றல் இல்லை என்பதை ஒப்புக்கொள்வது. வேதாந்தம் பயின்ற அன்பர்களுக்கு இவ்விடத்தில் ஒரு தயக்கம் எழுகிறது. வலிமையே வாழ்வு என்று முழங்கியவர் சுவாமி விவேகானந்தர். தன்னைத் தானே உயர்த்திக்கொள்ள வேண்டும் என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் அருளியிருக்கிறார். அப்படியிருக்க, ‘என்னால் முடியாது’ என்று ஒருவர் கூட்டத்தில் எழுந்து சொல்வது ஆன்மாவை இழிவுபடுத்துவது ஆகாதா?

தயக்கம் நேர்மையானது. ஆனால் அதில் ஒரு மயக்கம் இருக்கிறது. ‘எனக்கு இனிப்பு ஆகாது’ என்று சொல்லும் நீரிழிவு நோயாளி ஆத்மாவை இழிவுபடுத்தவில்லை. தன் உடலின் இயல்பை அறிந்து சொல்கிறார், அது விவேகம். குடிநோயாளி ஒப்புக்கொள்வதும் அத்தகையதே. முதல் கோப்பை உள்ளே சென்றபின் இரண்டாவதைத் தடுக்கும் ஆற்றல் அவரிடம் இல்லை. ‘என்னால் அளவோடு நிறுத்த முடியும்’ என்று இத்தனை ஆண்டுகளும் அவரிடம் பேசிவந்தது ஆத்மா அன்று, அகங்காரம். விஷயங்களை எண்ணுவதில் தொடங்கி, பற்று, ஆசை, சினம், மயக்கம், நினைவழிவு, புத்திநாசம் என்று படிப்படியாகச் சரியும் வழியைக் கீதையின் இரண்டாம் அத்தியாயம் வகுத்துக் காட்டுகிறது. நினைவும் புத்தியும் அழிந்த கடைசிப் படியில் நின்றுகொண்டு ஒருவரால் உறுதி காக்க இயலாது. முதற்படியிலேயே காலை வைக்காதிருப்பதுதான் அவருக்கு உரிய வீரம். அந்த வீரத்தையும் ஆயுள் முழுமைக்குமாக அவர் ஏற்கத் தேவையில்லை. இன்று ஒரு நாள், இந்த 24 மணி நேரம் மட்டும் என்பது அக்கூட்டங்களின் நடைமுறை. அந்த அளவுக்கு யாருக்கும் வலிமை உண்டு.

குருதேவர் ஸ்ரீராமகிருஷ்ணரின் அடியார்களுள் வங்க நாடக மேதை கிரீஷ் சந்திர கோஷ் மதுவில் ஊறியவர். குருதேவர் அவரிடம் குடிக்காதே என்று கட்டளையிடவில்லை. ஜபமோ தியானமோ எதுவும் தம்மால் இயலாது என்று கிரீஷ் கைவிரித்தபோது, தம் பொறுப்பு அனைத்தையும் குருதேவரிடமே ஒப்படைக்கும் ‘பகல்மா’வை ஏற்கச் செய்தார். கிரீஷ் முதலில் அதை மிக எளிது என்று எண்ணினார். பிறகுதான் தெரிந்தது: பொறுப்பை ஒப்படைத்தவனுக்கு ‘இதை நான் செய்வேன்’ என்று சிறு காரியத்தைப் பற்றியும் சொல்லும் உரிமை இல்லை. மூச்சுக்கு மூச்சு நினைவூட்டிக்கொள்ள வேண்டிய சாதனை அது. தங்கள் கோப்பைக்குக் கிரீஷைச் சாட்சிக்கு அழைப்போர் இந்தப் பகல்மாவை மறந்துவிடுவது வழக்கம்.

எந்தக் கடவுள்?

இன்னொரு தயக்கமும் உண்டு. இந்தியாவில் பல கூட்டங்கள் தேவாலயத்தை ஒட்டிய அறைகளில் நடக்கின்றன. அமைப்பின் தொடக்கத்தில் ஒரு கிறிஸ்தவ இயக்கத்தின் தாக்கம் இருந்ததும் உண்மையே. ஆயினும் படிகளில் குறிப்பிடப்படும் இறைவன் எந்த மதத்துக்கும் உரியவராக வரையறுக்கப்படவில்லை. அவரவர் உணர்ந்தவாறான இறைவன் என்றே சொல்லப்படுகிறார். கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் இடமுண்டு. குடியை நிறுத்த வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே சேர்வதற்கான தகுதி.

கஜேந்திரனின் துதியும் இத்தகையதுதான். அவன் எந்த மூர்த்தியின் பெயரையும் சொல்லி அழைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மூலமான அந்தப் பரம்பொருள் எதுவோ அதையே அழைத்தான். தங்களைக் குறித்த அழைப்பன்று என்று பிரம்மா முதலிய தேவர்கள் வாராதிருந்தனர் என்றும், எல்லாமாய் நிற்கும் ஸ்ரீஹரியே வந்தார் என்றும் பாகவதம் கூறுகிறது. வந்தவர் முதலையை அகற்றிவிட்டு வா என்று கரையில் நின்று சொல்லவில்லை. கருடன் மீதிருந்து இறங்கி, முதலை கவ்விய காலோடு யானையைத் தடாகத்திலிருந்து வெளியே இழுத்தார்; அதன் பின்னரே சக்கரத்தால் முதலையின் வாயைப் பிளந்தார். முதலை தன் வீட்டை இழந்தது அப்போதுதான். ஏ.ஏ. கூட்டத்திலும் முதல் நாள் வருபவரிடம், நிறுத்திவிட்டு வந்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. நேற்று இரவு குடித்தவரும் வரலாம். முதலையோடுதான் எல்லோரும் அங்கே வந்து சேர்ந்தனர்.

குருதேவர் சொல்லும் வைத்தியரின் கதை ஒன்று உண்டு. பத்தியம் கேட்டு வந்த நோயாளியை வேறொரு நாள் வரச்சொன்னார் அந்த வைத்தியர். அன்று அவருடைய அறையில் வெல்லப் பானைகள் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு வெல்லம் உண்ணாதே என்றால் அந்தச் சொல் நோயாளியின் மனத்தில் பதியாது என்று அவர் அறிந்திருந்தார். கூட்டத்தில் பேசுபவர்கள் வெல்லப் பானைகளைத் தம் கையால் வெளியேற்றியவர்கள். அவர்களுடைய சொல்லில் பாண்டித்தியம் இராது. சில நேரம் இலக்கணமும் இராது. புதிதாக வருபவருக்கு வழிகாட்டும் மூத்தவரை ‘ஸ்பான்சர்’ என்பார்கள். அவர் குருவல்லர், சில ஆண்டுகள் முன்னே நடப்பவர். நள்ளிரவில் அழைத்தாலும் எழுந்து பேசுவார், ஏனெனில் அந்தப் பேச்சு அவருக்கும் மருந்து.

தேடிச் செல்லும் வழி

கூட்டத்துக்குச் செல்வதற்கு முன் ஒரு முக்கியமான எச்சரிக்கை. பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் ஒரே நாளில் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை இரண்டு மூன்று நாள்களுக்குள் தோன்றி உயிருக்கே தீங்காகலாம். அத்தகையவர் முதலில் மருத்துவரின் மேற்பார்வையில் இருக்க வேண்டும். மருந்தும் மருத்துவமனையும் இறைநம்பிக்கைக்குக் குறைவு ஆகாது. சென்னையில் 1980 முதல் பணிபுரியும் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனை, புனேயில் 1986 முதல் இயங்கும் முக்தாங்கண் போன்ற மீட்பு மையங்களும், அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும் பல மாநிலங்களில் உள்ளன. மத்திய அரசின் கட்டணமில்லாத போதை மீட்பு உதவி எண் 14446. மருத்துவமனையிலிருந்து வெளிவந்தபின் தொடரும் நீண்ட ஆண்டுகளுக்கு உரியதே தோழமைக் கூட்டம். 2020இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளைப் பரிசீலித்தது. தொடர்ந்து குடியாமல் இருப்பதில், ஏ.ஏ. வழியில் முறைப்படி ஈடுபடுத்தப்பட்டவர்கள் வேறு சிகிச்சைகள் பெற்றவர்களைவிட மேலான பயன் அடைந்ததாக அது கண்டது.

எங்கே கூட்டம் நடக்கிறது என்பதை மீட்பு மையங்களிலும் மனநல மருத்துவரிடமும் கேட்டு அறியலாம். தமிழ், இந்தி, மராத்தி, மலையாளம் என்று பல மொழிகளில் கூட்டங்கள் உண்டு. வேற்று மாநிலத்தில் வாழ்பவர் தம் தாய்மொழியில் பேசும் கூட்டத்தைத் தேடிக்கொள்வது நல்லது. வெட்கத்தை இரவல் மொழியில் சொல்லுவது கடினம். கட்டணம் இல்லை. விருப்பமுள்ள உறுப்பினர்கள் இடுவதைக் கொண்டே செலவு நடக்கும். வெளியார் நன்கொடையை அவர்கள் ஏற்பதில்லை. ஆகவே ஆன்மிக மையம் ஒன்று அவர்களுக்கு அறை கொடுக்க முன்வந்தாலும் சிறு வாடகையேனும் தந்துவிடுவார்கள். அதைப் பெற்றுக்கொள்வதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

முதல் நாள் கடைசி வரிசையில் அமர்ந்துகொள்ளலாம். பேச வேண்டிய கட்டாயம் இல்லை. முழுப்பெயரும் முகவரியும் கேட்கப்படுவதில்லை. அங்கே பார்த்தவரையும் கேட்டதையும் வெளியில் சொல்வதில்லை என்பது உயிரான மரபு. ஒரு கூட்டம் மனத்துக்கு ஒட்டவில்லை எனில் வேறொன்றுக்குச் செல்லலாம்; ஒரே கூட்டத்தைப் பார்த்து முடிவு கட்டுவது அவசரம். ஆண்கள் மட்டுமே உள்ள அறையில் பேசத் தயங்கும் பெண்கள், பெண்களுக்கென்று தனியே கூட்டம் உண்டா என்று விசாரிப்பது நன்று. தவறி மீண்டும் குடித்துவிட்டவர் செய்யக்கூடாதது ஒன்றே: வெட்கி வீட்டில் இருந்துவிடுவது. அவருக்கான நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

குடும்பத்தாருக்கும் தனித் தோழமை உண்டு. பில்லின் மனைவி லோயிஸ் 1951இல் மற்றொரு பெண்மணியோடு சேர்ந்து தொடங்கிய அல்-அனான் அது. கணவரின் குடிக்குத் தான் காரணமில்லை என்பதையும், அதைத் தன்னால் கட்டுப்படுத்தவோ குணப்படுத்தவோ முடியாது என்பதையும் ஒரு பெண் அங்கே தன்னைப் போன்ற பெண்களின் வாயிலிருந்து கேட்கிறாள். பூஜையறையில் சத்தியம் வாங்கி வாங்கி ஓய்ந்த கைகள் சற்றே இளைப்பாறுகின்றன. கணவர் எங்கும் வர மறுத்தாலும் அவள் மட்டும் செல்லலாம். அதற்கு அவருடைய சம்மதம் தேவையில்லை.